செல்லோவுக்கு ஐஸ்

பதினோரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போகிற ஒரு வீடியோவை ஒருவழியாக முடித்துவிட்டேன். புதுச்சேரியில் இருக்கும் என் நண்பன் தனிச் செல்லோவுக்கு எழுதி, அவனே வாசித்த இசைக்கான படம். இதுவரை பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது "கதை என்ன?" கதை கிடையாது என்றதும் அடுத்த கேள்வி, "அப்ப எதுக்குங்க பதினோரு நிமிஷமும் ஐஸ்?" முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதற்கு இருக்கிறது, கொஞ்சம் நீளம்.

இசையிலிருந்து ஆரம்பிக்கிறேன். செல்லோ, வயலின் குடும்பத்து வாத்தியம்தான், உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பது. நம் சினிமாவில் யாராவது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதால் பின்னால் அடிக்குரலில் இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் அதுதான். நண்பன் எழுதியதில் அந்த அழுகை கிடையாது. மெட்டு என்று பிடித்துக்கொண்டு வீட்டுக்கு முணுமுணுத்தபடி போக ஒன்றும் கிடையாது. தந்திகளைத் தாங்கி நிற்கும் கட்டைக்குக் குதிரை என்று பெயர், வில்லை அதை ஒட்டிக் கொண்டுபோய் இழுத்தால் தந்தியின் அடிச்சுரம் பலவீனமாகி மேல்சுரங்கள் மட்டும் பிசிறு பிசிறாகக் கிளம்பும், முதல் மூன்று நிமிடம் முழுக்க அந்தப் பிசிறுதான். அப்புறம் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு வில்லின் அழுத்தத்தை மட்டும் மாற்றுகிறான், கேட்கிற ஆளுக்கு ஏதோ நகர்கிற மாதிரியும் இருக்கும், நகராத மாதிரியும் இருக்கும். நடுவில் ஒரு பகுதிக்கு, தாளத்தைப் பிரித்துக் காட்டும் தாளக்கோடே இல்லை, "இங்கே ஏறக்குறைய நாற்பது நொடி" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான். இதைத்தான் சமகாலச் செவ்வியல் இசை என்கிறார்கள். வாத்தியங்களும் காகிதத்தில் எழுதும் முறையும் மொசார்ட் காலத்திலிருந்து வந்தவை, ஆனால் எது இசை, எது சத்தம் என்கிற பழைய வேலியைப் பிடுங்கிப் போட்டாயிற்று.

நான் கடலூரில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். ஹைலைட்ஸ் எடிட் செய்யும்போது கெட்டிமேளத்தில் ஒவ்வொரு தவில் அடிக்கும் ஒரு கட் விழவேண்டும், அட்சதை பறக்கிற ஷாட், மாமியார் கண் துடைக்கிற ஷாட், தாலி முடிச்சு, எல்லாம் அடிக்கு அடி. அப்படி வைத்தால்தான் மாப்பிள்ளை வீட்டுக்குத் திருப்தி. அந்த வேலையில் ஒரு தப்பும் இல்லை, கெட்டிமேளமே ஒரு காட்சிக்காகக் கொட்டப்படுவதுதானே. ஆனால் அதே பழக்கத்தை இந்த மாதிரி இசைக்குக் கொண்டுவந்தால் படம் இசையைத் தின்றுவிடும். ஒரு சுரம் தொடங்குகிற இடமும் ஒரு கட்டும் சில பிரேம்களுக்குள், அதாவது வீடியோவின் சில தனிப் படங்களுக்குள், நெருங்கி வந்தாலே போதும், மூளை இரண்டையும் ஒட்டிப்போடும், அதன்பிறகு அது செல்லோவின் சத்தம் அல்ல, கட்டின் சத்தம். கதவு சாத்துவதற்கு சவுண்ட் எஃபெக்ட் போடுவோமே, அந்த இடத்துக்கு இறங்கிவிடுகிறது.

கண் காதை இப்படி அமுக்கும் என்பது என் சொந்த சந்தேகம் மட்டும் இல்லை. பியானோ கலைஞரும் ஆய்வாளருமான சியா-ஜுங் சே என்பவர் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இசைப் போட்டிகளின் இறுதிச்சுற்றுத் துண்டுகளைக் கொடுத்து யார் ஜெயித்திருப்பார்கள் என்று ஊகிக்கச் சொன்னார். சத்தமே இல்லாத வீடியோவைப் பார்த்தவர்கள்தான் சரியாகச் சொன்னார்கள், சத்தத்தை மட்டும் கேட்டவர்கள் அல்ல. இசைக் கலைஞர்களைக் கேட்டாலும் அதே கதைதான். எல்லாரும் காதைத்தான் நம்புகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம், ஆனால் கண்ணைத் திறந்துவைத்தால் தீர்ப்பு அங்கேதான் எழுதப்படுகிறது. அப்படியானால் இசைக்கு வீடியோ செய்கிறவன் முதலில் யோசிக்க வேண்டியது எதைக் காட்டலாம் என்று அல்ல, கண்ணுக்கு எவ்வளவு குறைவாக வேலை கொடுத்தால் காது விழித்திருக்கும் என்றுதான்.

இது ஒன்றும் புதுத் தலைவலியும் இல்லை. எட்கார் வாரேஸ் என்கிற இசையமைப்பாளர் 'டெஸேர்' என்று ஒன்று எழுதினார், காற்று வாத்தியங்கள், பியானோ, தாள வாத்தியங்கள், நடுவில் ஒலிநாடாவில் பதிந்த தொழிற்சாலைச் சத்தங்கள். 1954இல் பாரிஸில் அரங்கேற்றம், பெரிய கலாட்டா. அதற்கு ஒரு படமும் வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது, படமும் இசையும் ஒன்றையொன்று நகல் எடுக்காமல் பெரும்பாலும் எதிரெதிராகப் போகவேண்டும் என்பது அவர் எண்ணம். 1965இல் இறக்கும்வரை அந்தப் படம் நடக்கவில்லை. 1994இல்தான் வீடியோ கலைஞர் பில் வயோலா அதற்கு வீடியோ செய்தார், பாலைவனம், நீருக்கடி, ஓர் அறையில் மேசையருகே தனியாக ஒரு மனிதர். இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனக்காரர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இன்னும் ஒரு படி மேலே. இசையைத் தனியே செய்வார்கள், ஆட்டத்தைத் தனியே செய்வார்கள், இரண்டுக்கும் பொதுவாக இருப்பது நேரம் மட்டும். ஆடுகிறவர்கள் பல சமயம் அரங்கேற்றத்தன்றுதான் அந்த இசையையே முதன்முதலாகக் கேட்டிருக்கிறார்கள். நம் பரதத்தில் இதைச் சொன்னால் நட்டுவாங்கம் செய்கிறவர் தாளத்தைத் தூக்கி அடித்துவிடுவார்.

நண்பன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "கடல் மட்டும் காட்டாதடா. செல்லோன்னாலே எல்லாப் பயலும் கடலைக் காட்டிடுறான்." கடலூர்க்காரனிடம் போய் இதைச் சொல்கிறான். தேவனாம்பட்டினத்தில் சூரியோதயம், தாழங்குடாவில் வலை இழுப்பது, கெடிலம் கடலில் கலக்கிற இடம், எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. ஆனால் அவன் சொன்னது சரி. கடலைக் காட்டினால் பார்க்கிறவர் உடனே ஒரு மனநிலைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார், அதற்கப்புறம் இசை எதைச் சொன்னாலும் அது கடல் சொன்னதாகிவிடும். புதுச்சேரி பிரெஞ்சு தெருக்களின் மஞ்சள் சுவரை நானே ஒதுக்கினேன், அந்தச் சுவர்களுக்கு எதிரே தினமும் காலையில் எத்தனை ஜோடி வரிசையில் நிற்கிறது என்று தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியும். டிரோனும் வேண்டாம் என்று வைத்தேன். மேலிருந்து பார்த்தால் எந்த இசையும் பக்திப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது.

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் போடுகிற இடத்தை வேறொரு வேலையாகப் போனபோதுதான் சரியாகப் பார்த்தேன். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது ஐஸ் வியாபாரமும் படுத்துவிடும். நாட்டுப்படகு, ஃபைபர் படகுக்காரர்களுக்காக மட்டும் கொஞ்சம் ஓடும். கூட்டம் இல்லாத அந்த நாட்களில்தான் உள்ளே விட்டார்கள். சீசனில் கேட்டிருந்தால் ஓரமா நில்லு என்றுகூடச் சொல்ல அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது.

ஐஸ் பார் எப்படி உண்டாகிறது என்று பார்த்தவர்கள் குறைவு என்பதால் சொல்கிறேன். தரைக்குக் கீழே பெரிய தொட்டி, அதில் உப்புக் கரைசல், அமோனியாவை வைத்து அதைக் குளிர்விக்கிறார்கள். உப்பு இருப்பதால் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் அந்தக் கரைசல் உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய உயரமான தகரக் கேன்களை இறக்கி வைத்துவிடுவார்கள். தண்ணீர் வெளியிலிருந்து உள்நோக்கி உறைந்துகொண்டே போகும், போகும்போது தன்னுள் கரைந்திருக்கும் காற்றையும் உப்பையும் நடுப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். அதனால்தான் ஐஸ் பாருக்கு ஓரம் தெளிவாகவும் நடு வெள்ளையாகவும் இருக்கிறது. மிகக் கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோ லென்ஸை வைத்துக் கிட்டே போனால் அந்த வெள்ளை ஒரே வெள்ளை இல்லை. மெல்லிய ஊசி ஊசியான காற்றுக் குமிழிகள், எல்லாம் நடுவைப் பார்த்து வரிசைகட்டி நிற்கின்றன. கேனைத் தூக்கி சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி பாரைச் சரித்து எடுக்கிறார்கள், வெளிக்காற்று பட்டதும் உள்ளுக்குள்ளே டிக், டிக் என்று விரிசல் விடும். ஒரு விரிசல் ஒரு பக்கத்தில் தொடங்கி, நின்று, யோசித்து, வேறு பக்கம் திரும்பி ஓடும். எனக்கு அந்த நிமிடமே படம் முடிந்துவிட்டது என்று பட்டது. செல்லோவின் பிசிறுக்கும் இந்த விரிசலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இரண்டும் தன்பாட்டுக்குப் போகிறவை, ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் காது இன்னும் கூர்மையாகிறது. அங்கே வேலை செய்கிற ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏன் தம்பி, உள்ள எதாச்சும் வுழுந்துடுச்சா?"

இல்லைங்க ஐயா, சும்மா படம் எடுக்கிறேன் என்றேன். அவருக்கு அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஐஸ் உடைக்கிற மெஷினை எடுத்தது. பாரைத் தலைகுப்புறத் தள்ளினால் பல் வைத்த உருளைக்குள் போய்ப் பொடியாக எகிறும். அதை நொடிக்கு 120 பிரேமில் எடுத்தேன். மேலே இருந்ததெல்லாம் சோக் வைத்த பழைய டியூப்லைட். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. கேமரா 120 முறை பார்க்கிறது, விளக்கு 100 முறை துடிக்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால் ஆறு பிரேமுக்கு ஒரு தடவை வெளிச்சம் ஏறி இறங்குவது மாதிரி படத்தில் பதியும். கல்யாண வேலையில் இப்படி வந்தால் பிரேமை நொடிக்கு 50க்கோ 100க்கோ இறக்கி, ஷட்டரை 1/100 நொடிக்கு வைத்துச் சரிசெய்துவிட்டு மறுவேலை பார்ப்பேன். இங்கே வேண்டுமென்றே விட்டேன். நொடிக்கு 25 பிரேமில் ஓட்டினால் 25ஐ 6ஆல் வகுத்துப் பாருங்கள், நொடிக்கு நாலு தடவைக்குச் சற்று மேல் துடிக்கிறது. நண்பனின் ஸ்கோரில், அதாவது இசை எழுதிய தாளில், அந்த இடத்தில் வில் நடுக்கம் வருகிறது, அதன் வேகம் வேறு. இரண்டு துடிப்பும் ஒன்றையொன்று தாண்டிப் போவதும் சில நேரம் தற்செயலாக உரசுவதும் பார்க்க அருமையாக இருந்தது.

ஆனால் நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் திரை மின்னினால் வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்து, ஒளிபரப்பு விதிகளிலும் இணைய விதிகளிலும் அந்த மூன்றுதான் எல்லை. அதனால் வேகத்தைப் பாதியாக்கினேன், ஒவ்வொரு பிரேமையும் இரண்டு தடவை காட்டுகிற மாதிரி. துடிப்பு நொடிக்கு இரண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது, அசைவு கொஞ்சம் தட்டுத்தடுமாறிப் போகிறது. அந்தத் தடுமாற்றம் வழவழப்பான ஸ்லோ மோஷனைவிட நூறு மடங்கு தேவலை. பொடி ஐஸ் காற்றில் ஒரு இடத்தில் நின்று, திடீரென்று இன்னொரு இடத்தில் நிற்கிறது.

எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வ் என்கிற மென்பொருள்தான், காசு கொடுக்காத பதிப்பே இதற்குப் போதும். முதலில் படத்தை இறக்கவே இல்லை. வெறும் ஒலியைப் போட்டு, சுரம் தொடங்குகிற இடமெல்லாம் மார்க்கர் வைத்தேன், அந்த இடங்களில் கட் வைக்கக்கூடாது என்பதற்காக. இசையின் வேகம் நிமிடத்துக்கு 75 தாள அடியாக இருந்தால் 25 பிரேம் கணக்கில் ஒரு அடிக்குச் சரியாக 20 பிரேம் வரும், கைக்கு வசதி. அவன் எழுதியிருப்பது 72. ஒரு அடிக்கு 20.83 பிரேம், ஆறு அடிக்கு ஒரு தடவைதான் பிரேமில் சரியாக உட்காரும். அது எனக்கு லாபமாகப் போயிற்று. நீண்ட சுரம் பாதி வழியில் இருக்கும்போது மட்டும் கட், அதுவும் மொத்தப் படத்தில் ரொம்பக் குறைவு. சில ஷாட் ஒரு நிமிடத்தைத் தாண்டிப் போகிறது. பார்க்கிறவர் அலுத்துப்போய்க் கண்ணை விலக்கினாலும் பரவாயில்லை, காது அங்கேதானே இருக்கும்.

வேறு யாருடைய புகழ்பெற்ற இசைக்காவது செய்திருக்கலாமே என்றும் சிலர் கேட்டார்கள். உரிமை யார் வாங்குவது? இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகவேண்டும். பாக் மாதிரி பழைய இசையமைப்பாளர் என்றாலும் ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து தனியாக ஒரு 60 ஆண்டு இருக்கிறது. நண்பன் என்றால் ஒரு டீயோடு முடிந்தது.

ஃபோனில் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒன்று. செல்லோவின் மிகத் தாழ்ந்த தந்தி 65 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பேசும். ஃபோன் ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்கவே முடியாது, மேல்சுரங்களை வைத்து மூளை மீதியை ஊகித்துக்கொள்ளும். ஆறாவது நிமிடம் முழுக்க அந்தத் தந்திதான், அங்கே திரையையும் ஏறக்குறைய இருட்டாக்கி வைத்திருக்கிறேன், ஹெட்போன் இல்லாமல் பார்த்தால் வீடியோ ரிப்பேர் என்றுதான் நினைப்பீர்கள். அந்த இருட்டும் தனிப் பாடு. இணையத்தில் ஏற்றும்போது சுருக்குவார்களே, அதில் மெதுவாக மங்குகிற கறுப்பு முதலில் சாகும், பட்டை பட்டையாகக் கோடு விழும். படத்தின் மேல் கிரெயின் என்கிற மெல்லிய புள்ளிகளைத் தூவி, 4கேவாக ஏற்றினால் கொஞ்சம் பிழைக்கிறது.

புதுச்சேரியில் ஒரு சின்ன அரங்கில் அவன் நேரில் வாசிக்க, பின்னால் படம் ஓடவேண்டும் என்று வந்தபோது வேலை இரட்டிப்பானது. காதில் தாளம் காட்டுகிற கிளிக் சத்தம் போட்டுக்கொண்டு வாசிக்கமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான், சரிதான், தாளக்கோடே இல்லாத பகுதிக்கு யார் கிளிக் கொடுப்பது. ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் நீளம் மாறும். அதனால் படத்தைப் பகுதி பகுதியாக வெட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் நீளமான வால் விட்டு, அவன் வில்லைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை நான் கையால் தட்டி விட்டேன். ஐஸ் உருகுகிற ஷாட் இதற்கென்றே செய்த மாதிரி, எவ்வளவு நீட்டினாலும் நீளும். ஒத்திகையில் ஒரு விஷயம் கவனித்தேன். ஒரு பிரேம் என்பது 40 மில்லி நொடி, அந்த நேரத்தில் சத்தம் போகிற தூரம் 14 மீட்டருக்குப் பக்கம். முன்வரிசைக்காரருக்கும் கடைசி வரிசைக்காரருக்கும் நடுவே ஒரு பிரேம் வித்தியாசம் இயற்கையாகவே இருக்கிறது. அடிக்கு அடி ஒட்டவைத்த படமாக இருந்தால் புரொஜெக்டர் தாமதம், ஸ்பீக்கர் தாமதம் என்று உட்கார்ந்து அழுதிருப்பேன். ஒட்டாத படத்துக்கு அந்தக் கவலையே இல்லை.

வீட்டில் டிவியில் போட்டு அம்மாவுக்குக் காட்டினேன். நாலு நிமிடம் பொறுமையாகப் பார்த்தார். "ஐஸ் நல்லாத்தான் இருக்கு, மீனு எங்கடா?" என்றார். அப்புறம் குக்கர் விசில் வந்தது, எழுந்து போய்விட்டார்.

எனக்கும் நண்பனுக்கும் ஒரே ஒரு இடத்தில் இன்னும் தகராறு. எட்டாவது நிமிடத்தில் அவன் வில்லைத் தூக்கிவிட்டு இருபது நொடி சும்மா உட்கார்ந்திருக்கிறான், ஸ்கோரில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே திரை முழுக் கறுப்பாக வேண்டும் என்கிறான், ஒலி நின்றால் படமும் நிற்பதுதான் மரியாதையாம். நான் அங்கேதான் ஐஸ் மெஷினை முழு வேகத்தில் ஓட விட்டிருக்கிறேன், சத்தம் இல்லாமல். அவன் நிறுத்துகிறான் என்பதற்காக நானும் நிறுத்தினால் அது கெட்டிமேளத்துக்குக் கட் வைப்பது மாதிரிதானே, இத்தனை நேரம் தனித்தனியாகப் போய்விட்டு அங்கே மட்டும் எதற்குக் கைகோக்க வேண்டும்? ரெண்டு மணி நேரம் ஃபோனில் சண்டை. கடைசியில், மேடையில் அவன் இருக்கும்போது கறுப்பு, நான் ஏற்றுகிற வீடியோவில் மெஷின் என்று பிரித்துக்கொண்டோம். அடுத்த கச்சேரியில் தட்டி விடுகிற கை என்னுடையதுதான் என்பதை அவன் யோசித்தானா தெரியவில்லை.